நீளக் கைகள் உள்ள பையன்

பள்ளிக்கூடத்தை வைத்து எடுக்கப்படும் ஹாஸ்யப் படங்களில் பெரும்பாலானவை பையன்களைப் பார்த்துச் சிரிக்கின்றன. சிரித்து முடித்ததும் ஏதோ குற்ற உணர்வு வந்ததுபோல் கடைசி இருபது நிமிஷங்களில் கொஞ்சம் கண்ணீரையும் சேர்த்துவிடுகின்றன. காரம் ஒரு பொட்டலம், சர்க்கரை ஒரு பொட்டலம். பில் ஃபோர்ஸித்தின் 'கிரெகரீஸ் கேர்ள்' (1981) எனக்கு முக்கியமாகப் படுவது அதில் இந்தப் பொட்டலக் கணக்கு இல்லை என்பதால்தான். எங்கே சிரிப்பு வருகிறதோ அங்கேயேதான் மனசும் இளகுகிறது.

கதை என்று சொல்ல அதிகமில்லை. கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் கம்பர்னால்ட் என்ற புதுநகரம். 1955-இல் அறிவித்து, திட்டம் போட்டுக் கட்டியது. அங்கே ஒரு பள்ளியின் கால்பந்துக் குழு தோற்றுக்கொண்டே இருக்கிறது. ஆள் எடுக்கும்போது டாரதி என்ற பெண் வந்து பையன்களைவிட நன்றாக ஆடிவிடுகிறாள். முன்வரிசையில் ஆடிய கிரெகரி கோல் காக்க அனுப்பப்படுகிறான். தன்னை இடம்பெயர்த்தவள் மேலேயே அவனுக்குக் காதல். இதற்கப்புறம் ஒரு வில்லனும் ஒரு இறுதி ஆட்டமும் வந்தாக வேண்டும் என்று நமக்குப் பழக்கமாகியிருக்கிறது. ஃபோர்ஸித்துக்கு யார் ஜெயித்தார்கள் என்பதில் சிரத்தையே இல்லை. பாங்க்கில் என் பக்கத்து மேஜைக்காரரைப் பார்க்க வைத்தேன். "ஒண்ணுமே நடக்கலையே ஸார்" என்றார். நல்ல விமர்சனம், அவர் அதைக் குறையாகச் சொன்னார் என்பது மட்டுமே எங்களுக்குள் வித்தியாசம்.

நடப்பதெல்லாம் கிரெகரியின் உடம்பில் நடக்கிறது. ஜான் கார்டன் சின்க்ளேர் என்ற அந்த இளைஞனுக்கு உடம்பு அவனைக் கேட்காமலே வளர்ந்துவிட்டிருக்கிறது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தெருவைக் கடக்கையில் டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று அவன்மேல் மோதப் பார்க்கிறது. உள்ளே கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பவர் அவன் அப்பா. இருவரும் வெகுநாள் கழித்துச் சந்தித்த பரிச்சயக்காரர்கள்போல் பேசிக்கொள்கிறார்கள். சிரிக்கிறோம். ஒரே வீட்டில் இருப்பவர்கள் இவர்கள் என்பதும் அதே சிரிப்பில் இருக்கிறது. யாரும் அதை வசனமாகச் சொல்வதில்லை.

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு வாத்தியார், பையன் ஒருவன் எழுதிய கடிதத்தை வகுப்பில் உரக்கப் படித்தார். எழுத்துப் பிழைகளை நிறுத்தி நிறுத்திப் படித்தார். நல்ல ஹாஸ்ய உணர்ச்சி உள்ள மனுஷர். நாற்பது பேரும் சிரித்தார்கள். அந்தப் பையன் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. பள்ளிக்கூட ஸினிமா எதைப் பார்த்தாலும் அந்தச் சிரிப்பை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. ஆசைப்படுவதே கேலிக்குரியது என்று அந்தச் சிரிப்பு சொன்னது. கிரெகரியின் ஆசை கேலிக்குரியதாக ஒரு கணமும் ஆவதில்லை. ஆசையைச் சுமந்துகொண்டு நடக்கத் தெரியாததுதான் வேடிக்கை.

டாரதியிடம் கேட்டு, அவளும் வருவதாகச் சொல்லி, நண்பனிடம் வெள்ளை ஜாக்கெட் இரவல் வாங்கி, கிரெகரி போய் நிற்கிறான். டாரதி வரவில்லை. வேறொரு பெண் வந்து அழைத்துப் போகிறாள். அவள் இன்னொருத்தியிடம் விடுகிறாள். கடைசியில் சூஸன். எல்லாம் பெண்களாகச் சேர்ந்து செய்த ஏற்பாடு. தபால்பை மாதிரி கைமாறிய பையனுக்கு அவமானமல்லவா வரவேண்டும்? வருவதில்லை. ஒவ்வொரு மாற்றலையும் அவன் ஒரு சின்ன ஆச்சரியத்தோடு ஏற்றுக்கொள்கிறான். பிறகு பூங்காவில் இருவரும் புல்லில் படுத்து, கைகளை மட்டும் அசைத்து ஆடுகிறார்கள். பூமி சுழல்கிறது, விழாமலிருக்க ஒட்டிக்கொள்ள வேண்டும் என்கிறான் கிரெகரி. படம் முழுக்க உபயோகமற்றுத் தொங்கிய அந்தக் கைகளுக்கு அங்கே ஒரு வேலை கிடைக்கிறது. எனக்குத் தெரிந்து காதலைப் பற்றிய மிகக் கண்ணியமான ஹாஸ்யக் காட்சி அது.

ஜான் ஹ்யூஸின் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985) இதைவிடப் பத்து மடங்கு புகழ் பெற்றது. சனிக்கிழமை தண்டனையாக நூலகத்தில் ஐந்து பேர். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு காயத்தைத் திறந்து காட்டுகிறார்கள். நேர்மையான படம்தான். ஆனால் யாரோடும் ஒட்டாத அலிஸனுக்கு முகத்தைத் துடைத்து அலங்காரம் பண்ணிவிட்ட பிறகுதான் விளையாட்டு வீரன் அவளைத் திரும்பிப் பார்க்கிறான். ஹ்யூஸ் தன் பாத்திரங்களைத் திருத்தி அனுப்புகிறார். ஃபோர்ஸித் யாரையும் திருத்துவதில்லை. அவருடைய பள்ளியில் பெங்குவின் உடுப்புப் போட்ட குழந்தை ஒன்று படம் முழுக்கத் தாழ்வாரங்களில் அலைகிறது. ஏன் என்று கடைசிவரை தெரியாது. தலைமையாசிரியர் தனியாக உட்கார்ந்து பியானோ வாசிக்கிறார். கிரெகரிக்குப் புத்தி சொல்பவள் பத்து வயதுத் தங்கை.

எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். உடை மாற்றும் நர்ஸைப் பையன்கள் ஒளிந்து பார்க்கும் ஆரம்பம் இன்று உறுத்துகிறது. 1999-இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேசாதிருப்பது மரியாதை. அமெரிக்காவில் வெளியிட்டபோது ஸ்காட்டிஷ் உச்சரிப்பை மழுக்கி மறுபடி ஒலிப்பதிவு செய்தார்கள். இந்தப் படத்துக்கு இழைக்கக்கூடிய கெடுதல்களில் அது மோசமானது. அந்தப் பையன்களின் கூச்சம் பாதி அந்த உச்சரிப்பில்தான் இருக்கிறது.

ஆண்டி, சார்லி என்று இருவர். இங்கே ஒன்றும் தேறாது, காரகாஸில் ஓர் ஆணுக்கு எட்டுப் பெண்கள் என்று எங்கோ கேட்டுவிட்டு, அந்த ஊர்ப் பெயரை அட்டையில் தப்பாக எழுதிப் பிடித்துக்கொண்டு இரவில் சாலையோரம் நிற்கிறார்கள். லாரி ஒன்றும் நிற்பதாயில்லை. படம் முழுக்க வாயே திறக்காத சார்லி அங்கேதான் பேசுகிறான். திரும்பிப் போய்விடலாம் என்கிறான்.