இடம் பெயராத எலும்பு

மூன்று ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் காலைத் திருப்பலியில், அப்பத்தை உயர்த்திக் காட்டிய பின் பீடத்தின் முன் ஒரு முழந்தாளிட்டேன். எழ முடியவில்லை. வலப்பக்க இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை காய்ச்சிய கம்பியொன்றை உருவினாற்போன்ற வலி. பீடத்தின் விளிம்பைப் பற்றியவாறே நான் கிடந்த கோலத்தை ஆழ்ந்த செபம் என்றெண்ணிய முன்வரிசை முதியோர் தாமும் தலை கவிழ்ந்தனர். உபதேசியார் மட்டுமே உண்மையை அறிந்தார். அருகே வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

எம் பங்கு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்தது. இரும்பை உருக்கும் ஆலைகளுக்குச் சரக்கேற்றி வரும் டிரெயிலர் வண்டிகள் சாலைகளை உழுத வயலாக்கிவிட்டுப் போகும். அச்சாலைகளில் ஸ்கூட்டரில் கிளைக் கிராமங்களைச் சுற்றி வருவதே என் அன்றாடப் பணி. எனவே வலி வந்ததில் வியப்பில்லை. அதைப் போக்க நான் நடந்த வழிதான் சொல்லத் தக்கது.

முதல் மருந்து ஊரிலேயே இருந்தது. தாயின் வயிற்றிலிருந்து கால் முன்வரப் பிறந்தவர் காலால் எற்றினால் இடுப்புப் பிடிப்பு அகலும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவ்வாறு பிறந்த பாட்டி ஒருவரை உபதேசியார் அழைத்து வந்தார். அவரோ, "சாமி முதுகுல கால வைக்கிறதா? என்னால ஆவாது சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, விளக்கெண்ணெய் தடவிக் கையாலேயே நீவிவிட்டுப் போனார். அன்றிரவு நன்றாக உறங்கினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்து, ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாக ஆந்திரத்துப் புத்தூருக்குப் போகலாம் என்றனர். எலும்பு முறிந்தவர்க்குப் பச்சிலையும் முட்டை வெண்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் ஊர் அது. எனக்கோ முறிவு ஏதுமில்லை, கட்டுவதற்கு ஒன்றுமில்லை.

அப்போதுதான் பங்கின் வசதியுள்ள அன்பர் ஒருவர் சென்னையில் கைரோபிராக்டிக் முறையில் முதுகை நேராக்கும் ஒருவரைப் பற்றிச் சொன்னார். மின்ரயிலேறிச் சென்றேன். அவர் என்னைக் குப்புறக் கிடத்தி இரு குதிகால்களையும் சேர்த்துப் பார்த்தார். வலக்கால் அரை அங்குலம் குட்டை. இடுப்பெலும்பு இடம் பெயர்ந்து மேலேறியிருக்கிறது என்றார். பின்பு ஒருக்களிக்க வைத்து, முழங்காலை மடக்கி, தம் உடல் எடையை ஒரு நொடியில் என்மேல் இறக்கினார். 'மடக்' என்றொரு ஒலி. எழுந்து நின்றபோது உடலே இல்லாதது போன்ற இலகு. திரும்பும் ரயிலில் கும்மிடிப்பூண்டி வரை இருக்கை கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன், நிற்பதன் இன்பத்திற்காகவே.

அந்த இன்பம் நான்கு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் எலும்பு 'மீண்டும் விலகியது'. மீண்டும் ரயில், மீண்டும் அவ்வொலி, மீண்டும் நான்கு நாள். இவ்வாறு பதினான்கு முறை சென்றேன்.

அந்த ரயில் பயணங்களில் யாக்கோபு அடிக்கடி நினைவில் வந்தார். யாபோக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் மற்போரிட்டுத் தொடைச் சந்து விலகியவர் அவர். அதன் நினைவாக இசுரயேலர் விலங்கின் தொடை நரம்பை உண்பதில்லை என்று தொடக்க நூலின் 32ஆம் அதிகாரம் முடிகிறது. குருமடத்தில் எபிரேயம் கற்பித்த பேராசிரியர், அந்நரம்பு இடுப்பிலிருந்து பாதம் வரை ஓடும் சியாட்டிக் நரம்பு என்றே யூத மரபு கொள்வதாக விளக்கியபோது, தேர்வுக்கான குறிப்பாக எழுதிக்கொண்டதோடு சரி. அது என் காலிலும் ஓடுவதை ஐம்பது வயதுக்கு மேல்தான் அறிந்தேன். இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது: யாக்கோபின் சந்தை எவரும் மீண்டும் பொருத்தியதாக அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை. அவர் நொண்டியவாறே போகிறார்.

இந்நிலையில்தான், கும்மிடிப்பூண்டியில் உள்ள ஈழத் தமிழர் முகாமிலிருந்து அந்த இளைஞன் என்னிடம் வந்தான். பிறந்தது முகாமில், பேச்சு மட்டும் பெற்றோருடைய மன்னார்ப் பேச்சு. லாரிகளில் ஐம்பது கிலோ மூட்டைகளை ஏற்றி இறக்குவது வேலை, நாட்கூலி.

"இடுப்பு நோகுது பாதர். கால் விறைக்குது. பெருவிரலத் தூக்க ஏலாமக் கிடக்கு" என்றான்.

நான் அவனைப் படுக்கச் சொன்னேன். ஆம், நானே! குதிகால்களைச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு கால் குட்டையாகத்தான் தெரிந்தது. "எலும்பு விலகியிருக்கிறது, மகனே" என்று மறையுரை ஆற்றும் அதே உறுதியோடு சொல்லி, மூன்று முறை போய்வரப் பணமும் கொடுத்து, நான் போன இடத்திற்கே அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் வலி குறைந்ததென்றே வந்து சொன்னான். விரலைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆறாம் வாரம் பாதம் முழுவதும் தொங்கிவிட்டது.

அரசு மருத்துவமனையில் எம்ஆர்ஐ எடுத்தனர். எலும்பு எதுவும் இடம் பெயரவில்லை. இரு முள்ளெலும்புகளுக்கு நடுவேயுள்ள வட்டு பிதுங்கி, பாதத்தைத் தூக்கும் தசைக்குச் செல்லும் நரம்பின் வேரை நசுக்கிக்கொண்டிருந்தது. அறுவை முடிந்தது, வலி நீங்கியது, பாதம் எழவில்லை. "விரலைத் தூக்க முடியவில்லை என்று சொன்ன அன்றே இங்கு வந்திருக்க வேண்டும்" என்றார் அறுவை மருத்துவர். கடிந்து சொல்லவில்லை. கடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சென்னைக்காரர் மீது பழி போட என் மனம் பலமுறை முயன்றது. ஆனால் நோயாளியை அவரிடம் அனுப்பும்போதே நோயின் பெயரையும் எழுதி அனுப்பியவன் நான்.

அதன் பின்னரே படிக்கத் தொடங்கினேன். கைரோபிராக்டிக் கலையை 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் தொடங்கியவர் டேனியல் டேவிட் பால்மர் என்னும் காந்த வைத்தியர். செவித்திறன் குன்றிய ஹார்வி லில்லார்டு என்னும் துப்புரவுப் பணியாளரின் முள்ளெலும்பைத் தள்ளிச் செவியைத் திறந்ததாகச் சொன்னார். கேட்கும் நரம்போ முதுகுத்தண்டு வழியே போவதில்லை. 'கையால் செய்வது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்குப் பெயர் சூட்டியவர் பால்மரிடம் மருத்துவம் பெற்ற கிறித்தவப் போதகர் சாமுவேல் வீடு. ஆக, தனக்குக் கிடைத்த சுகத்தால் இக்கலையில் மயங்கிய முதல் குருவானவன் நான் அல்லன்! அமெரிக்க மாநிலங்களில் இக்கலைக்கு உரிமம் தேவை. நம் நாட்டில் அவ்வாறு இல்லை. பல்லாண்டு பயின்றவரும் சில வாரம் பார்த்துப் பழகியவரும் ஒரே பலகையை மாட்டலாம்.

அந்த 'மடக்' ஒலி எலும்பு தன் இடத்தில் அமரும் ஒலி அன்று. மூட்டுக்குள் உள்ள நீர்மத்தில் திடீரென ஒரு வெற்றிடம் தோன்றுவதை, விரல் மூட்டை இழுத்து எம்ஆர்ஐ கருவியில் படம்பிடித்து 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகத்தார் காட்டினர். அதைவிட என்னைத் திகைக்க வைத்தது 1998இல் சுவீடன் ஆய்வாளர் வெளியிட்டது. பத்து நோயாளிகளின் இடுப்பெலும்பிலும் திரிகத்திலும் நுண்ணிய உலோக மணிகளைப் பதித்து, அழுத்தித் திருப்புவதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்தனர். கையால் தொட்டுப் பார்த்த சோதனைகளில் எலும்பு நேரானதாகத் தெரிந்தது. மணிகளோ பத்துப் பேரிடத்தும் அசையவேயில்லை. உடலின் மிக வலிய நார்களால் கட்டப்பட்ட மூட்டு அது. ஸ்கூட்டர் குலுக்கலில் ஏறி, ஒரு கைத்தள்ளலில் இறங்கும் பொருளன்று. அப்படியானால் என் நான்கு நாள் சுகம் பொய்யா? இல்லை. இறுகிய தசை தளர்ந்தது, நரம்பு சற்றே அமைதியுற்றது. பாட்டியின் கையும் அதைத்தான் செய்தது, இலவசமாக.

2023 டிசம்பரில் உலக நலவாழ்வு நிறுவனம் நாட்பட்ட முதுகுவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல் இக்கைமுறையைத் தள்ளிவிடவில்லை; உடற்பயிற்சி, நோய் பற்றிய விளக்கம் முதலியவற்றோடு ஒன்றாக வைக்கிறது. இடுப்பு வாரையும் இழுவைச் சிகிச்சையையும் வேண்டாம் என்கிறது. நான் வாங்கிய வார் இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

அவனுக்குப் பயிற்சி அளித்த பிசியோதெரபி அம்மையாரே என்னையும் நடக்கவிட்டுப் பார்த்தார். "பாதர், உங்கள் எலும்பு எங்கேயும் போகவில்லை. அதைத் தாங்கும் தசைதான் தூங்குகிறது" என்றார். மல்லாந்து முழங்கால் மடக்கி இடுப்பை உயர்த்துதல், நாற்காலியில் அமர்ந்து எழுதல், அரைமணி நடை. இவ்வளவே. இரண்டு மாதம் எந்தப் பயனும் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. நான்காம் மாதம் ஒரு நாள் முழந்தாளிட்டு எழுந்தபின்தான், பீடத்தைப் பிடிக்காமல் எழுந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. வலி இன்னும் வருகிறது, மழைக்கால விருந்தாளி போல, தங்குவதில்லை.

எனக்கு அரைமணி நடக்கப் பொழுதிருந்தது. மூட்டை தூக்குபவனுக்கு அது ஏது? வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என 1967இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது. ஐம்பது கிலோ மூட்டை அவ்வெல்லைக்கு உட்பட்டதுதான். ஒரு நாளில் எத்தனை மூட்டை என்பதை அந்த எண் சொல்வதில்லை.

அவன் இப்போது ஓர் எடைமேடையில் அமர்ந்து லாரி எண்களைக் குறிக்கிறான். கூலி முன்னதில் பாதியைச் சற்றே தாண்டும். ஞாயிறுகளில் நற்கருணை வாங்க வரிசையில் வரும்போது, அவன் பாதம் தரையில் படும் 'தப் தப்' என்ற ஓசை முதலில் எட்டும், ஆள் பின்னால் வருவான். சென்ற வாரம் திருப்பலி முடிந்ததும் வாசலில் நின்றான்.

"இப்ப உங்கட இடுப்பு எப்படி, பாதர்?" என்று கேட்டான்.