எப்போதிலிருந்து?

உடன்குடியில் எங்கள் வீட்டு நிலைப்படிக்கு மேலே, ஆணியொன்றில் பழைய இரும்புச் சாவி பல ஆண்டுகள் தொங்கியது. எந்தப் பூட்டுக்கும் உரியதன்று அது. தங்கைக்கு வலிப்பு வரும்போது கையில் திணிப்பதற்காகவே வைத்திருந்தோம். இரண்டொரு நிமிடத்தில் வலிப்புத் தானாகவே அடங்கும். பெருமை சாவிக்குப் போய்விடும்.

மணப்பாடு திருச்சிலுவை ஆலயத்திற்கு நேர்ந்துகொண்டோம்; ஆண்டுதோறும் நடந்தே சென்றோம். மருத்துவரிடம் போகத்தான் பிந்திவிட்டோம். அவளுக்குப் பதினேழு வயதானபோது பாளையங்கோட்டையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

"எப்போதிலிருந்து வருகிறது?" என்று அவர் கேட்டார்.

"போன வருசந்தான் ஐயா, ஒரே ஒரு தடவை" என்றார்கள் அம்மா. நாங்கள் அண்ணன்மார் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வீட்டில் சம்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது.

மருத்துவர் மறுத்துப் பேசவில்லை. அவளது இரு கைகளையும் மேசைமீது விரித்து வைக்கச் சொன்னார். வலது கட்டைவிரலின் நகம் இடப்பக்கத்து நகத்தைவிடச் சிறியது. அதுவரை நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை. "இது போன வருசத்துச் சங்கதியில்லையே அம்மா" என்றார். அம்மா அழுதுகொண்டே சொன்னார்கள்: பிறந்ததும் பிள்ளை அழவில்லை, வெகுநேரம் நீலம் பாரித்துக் கிடந்தது.

பதினேழு வயதில் புதிதாக வரும் வலிப்பென்றால் மூளையில் கட்டியோ நாடாப்புழுவின் நீர்க்கட்டியோ உண்டா என்று தேட வேண்டும். பிறப்பில் மூச்சுத் திணறியதென்றால், அன்று விழுந்த தழும்பே காரணமாகலாம். வலது உடலை ஆள்வது இடது மூளை. குழந்தைப் பருவத்தில் அது காயமுற்றால் வலக்கை முழு அளவுக்கு வளர்வதில்லை. ஆயினும் தங்கை எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் பேசுவாள்! இடது மூளை சிசுப்பருவத்திலேயே காயப்படும்போது, பேச்சின் பொறுப்பை வலப்பாதி ஏற்றுக்கொள்வதுண்டு. வளர்ந்தவர்களின் மூளைக்கு அந்த இளக்கம் பெரிதும் குறைந்துவிடுகிறது.

இந்தியாவில் வலிப்பு நோய்க்கென முதன்முதலில் அறுவை செய்யப்பெற்றவரும் ஏறக்குறைய இவளைப் போன்றவரே: குழந்தைப் பருவத்திலிருந்தே வலப்பக்கம் செயல் குன்றிய பத்தொன்பது வயது இளைஞர். 1952 ஆகஸ்ட் 25 அன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அதைச் செய்தார். மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்து, 1949இல் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியவர் அவர். தங்கைக்கு அறுவை தேவைப்படவில்லை; மாத்திரைகளே போதுமாயின. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், கையிலோ வாயிலோ எதையும் திணிக்கலாகாது என்றும் அன்று அறிந்தோம்.

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் வலிப்பால் விழும் சிறுவனின் தந்தையிடம் ஆண்டவர் கேட்பதும் அதே கேள்விதான். கூட்டத்தின் நடுவே, குழந்தைப் பருவத்திலிருந்தே என்று அந்த மனிதர் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். அந்தப் பகுதி திருப்பலியில் வாசிக்கப்படும்போது அம்மா தலைநிமிர்வதேயில்லை. அவர்களை மட்டும் குறைசொல்ல இயலுமா? இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் வலிப்பு நோய் நீக்கப்பட்டதே 1999இல்தான்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையைச் சொன்னோம், சம்பந்தம் முறிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து வேறொருவர் பெண் பார்க்க வந்தார். அம்மா முதலில் மாத்திரைச் சீட்டைத்தான் அவர் முன் வைத்தார்கள்; பிறகுதான் கருப்பட்டிக் காப்பி வந்தது.