சாவி யாரிடம்?

இலக்கிய நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் பேச்சு இப்போதெல்லாம் எப்படியோ செல்போனில் வந்து நிற்கிறது. சமீபத்தில் ஒரு நண்பர், கவிதை எழுதுபவர், தன் போனின் மேல்விளிம்பில் தெரிந்த ஒரு சிறிய சாவி அடையாளத்தைக் காட்டி, "இது இருக்கிற வரைக்கும் நம்மை எவனும் பார்க்க முடியாது சார்" என்றார். வி.பி.என். என்கிற செயலி அது. காசு கட்டினீர்களா என்று கேட்டேன். "எதுக்கு சார்? சும்மாவே கிடைக்குது" என்றார். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். இதில் தொழில்நுட்பம் கொஞ்சம்தான். அந்தரங்கம் என்ற சொல்லை நாம் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் மீதியெல்லாம்.

நண்பர் அதை வைத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி கைவிலங்கோடு உட்கார்ந்திருப்பதாக வரைந்த ஒரு கேலிச்சித்திரம் விவகாரமாகி, அந்த ஒரு படத்துக்காகத் தளம் முழுவதும் அடைபட்டது. படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6-ஆம் தேதி சொன்ன பிறகே வழி பிறந்தது. விகடனைப் பற்றி நம் சிறுபத்திரிகைகள் இதுகாறும் எழுதியவற்றைத் தொகுத்தால் தடித்த புத்தகம் ஒன்று வரும். அதில் என் பங்கும் உண்டு. ஆனால் ஒரு பத்திரிகையைப் படித்துவிட்டு ஒதுக்குவது வாசகனின் தீர்ப்பு. படிக்கவே விடாமல் செய்வது வேறு காரியம். அந்த நாட்களில் நண்பர் வி.பி.என். வழியாக விகடன் படித்தார். ஆயுளில் முதல் தடவையாக அதை ஒழுங்காகப் படித்ததாகவும் சொன்னார்.

கடல் தாண்டியிருக்கும் தமிழர்களுக்கு இது பழகிய விஷயம். இலங்கையில் 2007 ஜூனிலேயே தமிழ்நெட் தளத்தை அடைத்தார்கள். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்றவற்றை நிறுத்தினார்கள். இரண்டு தடவையும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வி.பி.என்.னுக்குப் போனார்கள். 2022 ஏப்ரல் 3-ஆம் தேதி, பொருளாதாரச் சரிவின் நடுவில், மறுபடியும் ஒரு தடை வந்தது. அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ச, தானே வி.பி.என். வழியாக வந்து, இப்படிப்பட்ட தடைகளால் பிரயோஜனம் இல்லை என்று ட்விட்டரில் எழுதினார். அரசாங்கம் அவருடைய குடும்பத்தினுடையது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையம் அறவே அறுந்தது. 2020 ஜனவரியில் அது மெதுவான வேகத்தில், அரசு அனுமதித்த தளங்களின் பட்டியலோடு திரும்பி வந்தபோது, பட்டியலுக்கு வெளியே போக வி.பி.என். ஒன்றே வழியாக இருந்தது. அதற்காக பிப்ரவரியில் போலீஸ் வழக்கும் போட்டது.

ஆகவே இதன் தேவையை நான் மறுக்கவில்லை. மறுக்க வேண்டியது, சாவி அடையாளம் தெரிந்தால் யாரும் பார்க்கவில்லை என்ற எண்ணத்தை.

நாம் சாதாரணமாக இணையத்தில் போகும்போது எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது போன் கம்பெனிக்குத் தெரியும். வி.பி.என். செய்வது, நம்மிடமிருந்து புறப்படும் எல்லாவற்றையும் பூட்டி, முதலில் தன் சர்வருக்குக் கொண்டுபோவது. அங்கே அந்தப் பூட்டைத் திறந்து, போக வேண்டிய இடத்துக்கு அனுப்புகிறது. போன் கம்பெனிக்கு அந்த சர்வர் வரைதான் தெரியும். அதுவரைக்கும் கம்பெனி தெரிந்துகொண்டிருந்த அத்தனையும் இப்போது சர்வர்காரனுக்குத் தெரியும். பார்ப்பவன் ஒழியவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறான். இன்று பெரும்பாலான தளங்கள் உள்ளடக்கத்தைத் தாங்களே தனியாகப் பூட்டி அனுப்புவதால் நாம் எழுதிய கடிதத்தை அவன் படிக்க முடியாமல் போகலாம். யாருக்கு, எப்போது, எத்தனை தடவை என்பது அவன் கையில். ஒரு மனிதனின் வியாதி, கடன், கட்சி, காதல் இவ்வளவையும் ஊகிக்க மேல்விலாசங்கள் போதும். இதைப் போனே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. முதல் தடவை வி.பி.என்.னை இயக்கும்போது ஆண்ட்ராய்டு, இந்தச் செயலி உங்கள் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், நம்பினால் மட்டும் சம்மதியுங்கள் என்று ஓர் எச்சரிக்கை காட்டுகிறது. நாம் சம்மதித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறோம்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பொம்மைகளோடு இன்சுலேட்டரும் ஃபியூஸ் கட்டையும் செய்கிறார்கள். இன்சுலேட்டர் கம்பியைத் தாங்குகிறது. அதில் போகிற மின்சாரத்தில் தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்வதில்லை. வி.பி.என்.னை நண்பர் அப்படி ஒரு பொருளாக நினைத்திருக்கிறார். இலவச வி.பி.என்.களில் பல, கம்பியில் கொக்கி போடுகிற ரகம்.

ஓனாவோ என்று ஓர் இஸ்ரேலியக் கம்பெனி. 2013-இல் ஃபேஸ்புக் அதை வாங்கிற்று. உங்கள் தகவல்களைப் பாதுகாக்கும் செயலி என்று சொல்லி அதன் வி.பி.என்.னை இலவசமாகக் கொடுத்தார்கள். மக்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதை ஃபேஸ்புக் அதன் வழியாகக் கணக்கெடுத்தது. வாட்ஸ்அப் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது அந்தக் கணக்கில் தெரிந்தது. 2014 பிப்ரவரியில் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. 2018 டிசம்பரில் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு ஒன்று வெளியிட்ட ஆவணங்களில் அந்த வரைபடங்கள் இருக்கின்றன. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம், எதற்காகத் தகவல் எடுக்கிறோம் என்பதைச் சரியாகச் சொல்லாததற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பெரிய கம்பெனி என்பதால் இத்தனையும் வெளியே வந்தது.

சிறியவர்கள் கதை இன்னும் மோசம். ஹோலா என்ற இலவச வி.பி.என்., தன்னை உபயோகிப்பவர்களின் இணைப்பையே மற்றவர்களுக்குக் காசுக்கு விட்டுக்கொண்டிருந்தது 2015-இல் தெரியவந்தது. நம் வீட்டு வாசல் வழியாக அந்நியன் ஒருவன் போய்வருவான், தெருவில் பெயர் கெடுவது நமக்கு. இதையே திருட்டுத் தொழிலாகச் செய்தவர்களை 2024 மே மாதம் அமெரிக்க அரசு பிடித்தது. மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என். போன்ற இலவசச் செயலிகள் வழியாக ஏறக்குறைய 200 நாடுகளில் 1 கோடியே 90 லட்சம் இணைய முகவரிகள் அவர்கள் கையில் இருந்தன. பதிவு எதுவும் வைப்பதில்லை என்று விளம்பரம் செய்த ஏழு இலவச வி.பி.என்.களின் பொது சர்வர் ஒன்று 2020 ஜூலையில் காவலின்றித் திறந்து கிடந்தது. அதில் உபயோகித்தவர்களின் கடவுச்சொற்கள் வரை இருந்தன. 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளைச் சோதித்தார்கள். 75 சதவீதத்தில் வேற்றார் பின்தொடரும் நிரல்கள் இருந்தன. 38 சதவீதத்தில் தீய நிரலின் அறிகுறி. 18 சதவீதம் எதையும் பூட்டவே இல்லை.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு என் பிழைப்பு ஞாபகம் வந்தது. நான் வங்கியில் குமாஸ்தா. யார் நகையை வைத்தார்கள், எந்தப் பட்டறை முதலாளிக்குத் தவணை தவறியது, யார் யாருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வயதான அம்மாள் வந்து, "அவர் கணக்குல எவ்வளவு இருக்கு தம்பி?" என்று புருஷனின் கணக்கைப் பற்றிக் கேட்டால் சொல்லக்கூடாது. சில சமயம் சொல்லாமலிருப்பது கஷ்டம். வேலையில் சேர்ந்த அன்று, இரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வங்கிகளை அரசுடைமையாக்கிய 1970-ஆம் வருஷச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் இந்தக் கடமை எழுதப்பட்டிருக்கிறது. 1920-களில் லண்டனில் ஒரு வங்கி மானேஜர், டூர்னியர் என்ற வாடிக்கையாளர் சூதாட்டத் தரகருக்குப் பணம் கொடுத்த சமாச்சாரத்தை அவருடைய முதலாளியிடம் போனில் சொல்லப்போய், அவர் வேலை போயிற்று. வாடிக்கையாளரின் விஷயத்தை வெளியே சொல்லாதிருப்பது வங்கியின் கடமை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. நான்கே விதிவிலக்குகள் வைத்தது.

வங்கிகள் புனிதமானவை என்று நிரூபிக்க இதைச் சொல்லவில்லை. ஜனங்களுடைய அந்தரங்கம் என் கண்ணில் படாததால் பத்திரமாக இருக்கவில்லை. எல்லாம் என் கண்ணில் படுகிறது. வாய் திறந்தால் என் வேலை போகும், வங்கி மேல் வழக்கு வரும், வழக்குப் போட ஒரு விலாசம் இருக்கிறது. அந்தரங்கத்தை நாம் ஒரு மறைவிடமாகவே நினைத்துப் பழகிவிட்டோம். என் அனுபவத்தில் அது இன்னொருவன் நமக்குப் பட்டிருக்கிற கடமை. இலவச வி.பி.என்.காரன் நமக்கு எந்தக் கடமையும் பட்டவனல்ல. பல சமயம் அவன் எந்த ஊர்க்காரன் என்பதே தெரியாது.

அப்படியானால் விலாசம் தெரிந்த, காசு வாங்குகிற வி.பி.என்.னுக்குப் போகலாமே என்றால், அங்கே அரசு நிற்கிறது. 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். நடத்துபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், விலாசம், எதற்காக உபயோகிக்கிறார் என்பவற்றை ஐந்து வருஷம் பதிந்து வைக்க வேண்டும். நார்ட், எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க் போன்ற கம்பெனிகள் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. அரசுக்கு இந்த ஆசை புதிதல்ல. 1986-இல் தபால்களைப் பிரித்துப் பார்க்க விரிந்த அதிகாரம் தரும் மசோதாவைப் பாராளுமன்றம் நிறைவேற்றி அனுப்பியது. ஜனாதிபதி ஜெயில் சிங் கையெழுத்துப் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

நடைமுறையில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. எல்லா இலவசமும் ஒரே ரகமில்லை. சுவிட்சர்லாந்தின் புரோட்டான் போலக் காசு கட்டும் வாடிக்கையாளர்களின் பணத்தில் இலவசச் சேவை தருபவர்கள் இருக்கிறார்கள். செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டுப் பதில் கிடைத்தால் பாதி சந்தேகம் தீரும். அடைத்த பக்கத்தைப் படிக்கும் நேரத்துக்கு மட்டும் இயக்கிவிட்டு அணைத்துவிடலாம். நாள் முழுக்க ஓடவிட வேண்டியதில்லை. அதை வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

இவ்வளவும் நிதானமாகச் சொல்ல எனக்குச் சௌகரியமிருக்கிறது. ஸ்ரீநகரிலோ யாழ்ப்பாணத்திலோ ஊர் எரிகிறதா, தம்பி வீடு வந்து சேர்ந்தானா என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தெரிந்துகொள்ள வேண்டியவன், செயலியின் விலாசத்தை விசாரித்துக்கொண்டிருக்க மாட்டான். முதலில் கிடைத்ததை இறக்குவான். தெரிந்த கண்காணிப்பு ஒரு பக்கம், தெரியாத கண்காணிப்பு மறுபக்கம் என்று அவனை நிறுத்தியவர்கள், தளத்தை அடைத்தவர்கள். அவனைப் பார்த்து அஜாக்கிரதை என்று சொல்கிறவர்கள் அவர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்.