கப்பல் விருந்துக்கு வேட்டி

ஜனவரி 17, 2024. புதன்

அக்கா குடும்பம் மார்ச் மாதம் மயாமியிலிருந்து உல்லாசக் கப்பலில் போகிறது. கரீபியன் கடலில் ஏழு இரவு. அக்காவும் அத்தானும் கலியாணம் முடித்து முப்பது வருடமாகிறது. பிள்ளைகள் இருவரும் காசு சேர்த்து ரிக்கற் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கனடா ஸ்காபரோவில் இருந்து நேற்றிரவு வட்ஸ்அப்பில் வந்தது ஒரே கேள்விதான்: "கப்பலிலை ராச் சாப்பாட்டுக்கு என்னத்தை உடுக்கிறது?"

பெறாமகள் கப்பல்காரரின் விதிகளையும் அனுப்பியிருந்தாள். மாங்குளம் சந்தியில் தையல்கடை வைத்திருக்கிற எனக்கு அது நல்ல வாசிப்பு. பகலில் விருப்பப்படி உடுக்கலாம். பின்னேரம் பெரிய சாப்பாட்டு மண்டபத்துக்குள் போவதென்றால் நீச்சல் உடுப்பு, கையில்லாத பெனியன், தொப்பி, வெறுங்கால் எதுவும் ஆகாது. ஏழு இரவில் ஐந்துக்கு நல்ல சேட்டும் நீளக் காற்சட்டையும் போதும். மற்ற இரண்டு இரவும் பெரிய உடுப்பு இரவுகள். ஆண்களுக்குக் கடும் நிறக் கோட்டும் ரையும், பெண்களுக்கு நீளக் கவுண். அந்த இரவுகளில் படிக்கட்டடியில் படப்பிடிப்பாளர்கள் நிற்பார்களாம். உடுத்திப்படுத்த விருப்பமில்லாதவர்கள் மேல்தட்டில் தாங்களே எடுத்துச் சாப்பிடும் இடத்துக்குப் போகலாம். அங்கே இந்தக் கட்டுப்பாடு இல்லை.

பெறாமகன் அத்தானுக்குக் கோட் வாடகைக்கு எடுக்க நிற்கிறான். அக்காவுக்குச் சேலைதான் மனம். "வாசலிலை மறிச்சுப்போட்டாங்களெண்டால் பிள்ளையளுக்கு வெக்கமெல்லே" என்கிறாள். அத்தான் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அவரை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள்.

ஜனவரி 19, வெள்ளி

மறிப்பார்களோ என்ற பயத்தை அக்காவின் வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டிலேயே மறித்திருக்கிறார்கள். 2014 ஜூலை 11. சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. அழைப்பின் பேரில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டார். வேட்டியோடு வந்த மூத்த வழக்கறிஞர்களுக்கும் அதே கதி. வெள்ளைக்காரன் காலத்து உடுப்புப் பழக்கத்தை, அவன் போய் அறுபது வருடத்துக்கு மேலாகியும் எங்கள் ஆட்களே காவல் காத்திருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

அடுத்த மாதமே சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. கிளப், சங்கம், அறக்கட்டளை, கம்பனி எதுவாக இருந்தாலும் வேட்டியோ வேறு இந்திய மரபுடையோ உடுத்து வருபவரைத் தடுக்கக் கூடாது. தடுத்தால் உரிமம் போகும். ஒரு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஜெயலலிதா முதலமைச்சராக இருந்த காலம். வேட்டி கட்டிக்கொண்டு விருந்துக்குப் போகச் சட்டம் வேண்டியிருந்தது என்பதை அக்காவுக்குச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அதேநேரம், கப்பல் உலகத்திலேயே பழைய ஒழுங்கை அதிகம் பிடித்துக்கொண்டிருக்கிற குனார்ட் நிறுவனம், குயின் மேரி 2 ஓட்டுகிறவர்கள், தங்கள் பெரிய இரவுகளுக்குக் கோட்டோடு சேர்த்து நாட்டு மரபுடையையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஸ்கொட்லாந்துக்காரர் தங்கள் கட்டம் போட்ட பாவாடை உடுப்போடு அந்த மண்டபத்துக்குள் போகிறார்கள். நோர்வீஜியன் குரூஸ் லைன் 2000ஆம் ஆண்டளவிலேயே கட்டாயக் கோட் இரவைக் கைவிட்டுவிட்டது. ஆக, கடலில் உள்ளவர்கள் சேப்பாக்கத்து வாசற்காவலை விட இளகியவர்கள்.

பெறாமகளிடம் ஒன்று சொன்னேன். ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், அத்தானின் வேட்டிப் படத்தையும் அக்காவின் சேலைப் படத்தையும் இணைத்து அந்தக் கப்பல்காரருக்கு எழுதிக் கேள்.

ஜனவரி 22, திங்கள்

கடையில் வேலை குறைவு. அறுவடை முடிந்து கையில் காசு வந்த பிறகுதான் சனம் துணியோடு வரும். வற் வரி 18 வீதமான பிறகு நூற்கட்டையிலிருந்து ஊசி வரை விலை ஏறிவிட்டது. மத்தியானம் 'சத்திய சோதனை'யை எடுத்து, காந்தி முதன்முதல் கப்பலேறிய அத்தியாயங்களைத் திரும்ப வாசித்தேன்.

1888 செப்ரெம்பரில் பம்பாயிலிருந்து போகிறார். வயது பதினெட்டு. கரண்டி, கத்தி பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இல்லை என்று பரிமாறுகிறவரிடம் கேட்கவும் கூச்சம். அதனால் சாப்பாட்டு மேசைக்கே போகாமல், கொண்டுபோன இனிப்பையும் பழங்களையும் அறைக்குள்ளேயே சாப்பிடுகிறார். கப்பலில் கறுப்புச் சூட். நண்பர்கள் கொடுத்த வெள்ளைப் பிளனல் உடுப்பைக் கரையிறங்கும் நாளுக்கென்று பத்திரப்படுத்துகிறார். அவர் எழுதியபடி, சவுதாம்ப்டனில் இறங்கினால் செப்ரெம்பர்க் கடைசி. அந்தத் துறைமுகம் முழுவதிலும் வெள்ளை உடுப்போடு நின்றவர் அவர் ஒருவர்தான். பெட்டியும் சாவியும் முகவரிடம் போய்விட்டன, அடுத்த நாள் ஞாயிறு, மாற்றுடுப்புக்கு வழியில்லை.

அந்தப் பிள்ளையை நினைக்க மனம் இளகுகிறது. பசியோடு அறைக்குள் இருந்ததற்குக் காரணம் சாப்பாடு இல்லாததல்ல, அந்த மண்டபத்துக்குத் தான் பொருத்தமில்லை என்ற எண்ணம்.

அதே மனிதர் 1921 செப்ரெம்பரில் மதுரையில் வைத்துத்தான் மேற்சட்டையைக் கழற்றி அரைவேட்டிக்கு மாறினார். 1931இல் எஸ்.எஸ். ராஜபுதானா கப்பலில் லண்டனுக்குப் போனபோதும் அந்த வேட்டிதான். நவம்பரில் பக்கிங்காம் அரண்மனையில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் கொடுத்த தேநீர் விருந்துக்கும் அதே வேட்டியும் சால்வையும் செருப்பும்தான். நாற்பத்து மூன்று வருட இடைவெளியில் இரண்டு கப்பற் பயணங்கள்.

அத்தான் காந்தி இல்லை. ஸ்காபரோவில் இரவு வேலைக்குப் போய் இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்த ஒட்டுசுட்டான்காரர். அவருக்கும் ஒரு விருப்பம் இருக்கும்.

ஜனவரி 26, வெள்ளி

விடியப்புறம் ரயிலேறி யாழ்ப்பாணம் போய்ப் பெரிய கடைப் பக்கம் சேலை பார்த்தேன். அக்கா கேட்டது "கூறை மாதிரி ஒண்டு". அரக்குச் சிவப்பு, சின்னக் கட்டம், கரையில் சரிகை.

இதை எழுதத்தான் வேண்டும். அக்காவின் உண்மையான கலியாணக் கூறைச்சேலை அம்மாவிடம் இருந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் அவர்கள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடா போனார்கள். "திரும்பி வந்து உடுக்கிறன்" என்று விட்டுவிட்டுப் போனாள். 2008இல் போரால் மாங்குளத்தை விட்டு எழும்பினபோது அம்மா அதைத் தலையணை உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தா. தர்மபுரம், சுதந்திரபுரம், இரணைப்பாலை, கடைசியில் மாத்தளன். கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டினால் சரிந்து விழும். சுற்றிவர மண்மூட்டை அடுக்க வேண்டும். உரப்பைகள் முடிந்துபோயின. சனம் சேலைகளை வெட்டிப் பை தைக்கத் தொடங்கியது. நான் மெசினின் தலையை மட்டும் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். கையால் சில்லைச் சுற்றித் தைத்தேன். நூற்சேலை, நைலெக்ஸ், பிறகு பட்டு, பிறகு கூறை. பட்டு நெருக்கமான நெசவு, மணல் ஒழுகாது. அக்காவின் கூறையை நான்தான் வெட்டினேன். அம்மா தடுக்கவில்லை, சரிகைப் பக்கத்தை உள்ளே மடித்துத் தை என்று மட்டும் சொன்னா. அந்த மூட்டைகளுக்குப் பின்னால் இருந்துதான் நாங்கள் தப்பினோம்.

பிறகு மெனிக் பாம் அகதி முகாமுக்கு உடுத்த உடுப்போடு வந்தோம். அங்கே சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். அம்மா ஒவ்வொரு நேரமும் முகம் கழுவி, தலைமயிரை முடிந்து, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டுதான் வரிசைக்குப் போவா. "பிச்சைக்குப் போகேல்லை, சாப்பிடப் போறம்" என்பா. உடுப்பு விதி எழுதுகிற எந்தக் கப்பல்காரரும் அம்மாவுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

அக்காவுக்குக் கூறையின் கதை தெரியும். இத்தனை வருடமாக அதைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. இப்போதுதான் முதன்முதலாக அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். சேலை கிடைத்தது. விலையை அவளுக்குச் சொல்லப்போவதில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

அளவு எடுக்க வேண்டும் என்று சொல்லி அத்தானை வீடியோவில் கூப்பிட்டேன். நேரே கேட்டேன்: "அத்தான், உங்களுக்கு என்ன உடுக்க விருப்பம்?" கொஞ்சம் யோசித்தார். "கலியாணத்துக்குப் பட்டுவேட்டி கட்டினனான். அதுக்குப் பிறகு கோயிலுக்கு மட்டும்தான். வேட்டியும் நஷனலும் போடலாமெண்டால் போடுவன். பிள்ளையளுக்கு ஒரு மாதிரி இருந்தா வேண்டாம்" என்றார். பக்கத்தில் நின்ற பெறாமகன், "அப்பா, நீங்கள் சொல்லவே இல்லையே" என்றான். பிறகு அவனே தகப்பனின் தோள் அகலத்தை அளந்து சொன்னான்.

இனி வேலை. கப்பலில் வேட்டிக்கும் சேலைக்கும் உள்ள சங்கடங்களை ஒவ்வொன்றாக யோசித்துத் தைக்கிறேன்.

கப்பல் அறைக்குள் இஸ்திரிப்பெட்டி கொண்டுபோக விடமாட்டார்கள், தீப்பயம். கஞ்சி போட்ட நூல்வேட்டி சூட்கேசுக்குள் கசங்கினால் பிறகு நிமிராது. ஆகவே பொலியஸ்ரர் கலந்த வேட்டி, சரிகைக் கரையோடு. இடுப்பில் ஒட்டுப்பட்டி வைத்துத் தைத்துவிட்டேன். கப்பல் ஆடும், படிக்கட்டு உண்டு, படமெடுக்க நிற்க வேண்டும். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் சாப்பாடு எப்படி இறங்கும்? கரை கணுக்காலுக்கு ஒரு விரலளவு மேலே நிற்க வேண்டும். அறைக்கதவு திறக்கவும் சாமான் வாங்கவும் ஒரு அட்டைதான் தருவார்களாம், அதை எந்த நேரமும் கையோடு வைத்திருக்க வேண்டும். வேட்டிக்குப் பை இல்லை. நஷனல் சட்டையின் உள்பக்கம், இடது விலாவோடு, அந்த அட்டைக்கு அளவாக ஒரு பை வைத்தேன்.

அக்காவின் சட்டைக்கு முழங்கை வரை கை. சாப்பாட்டு மண்டபம் குளிரூட்டி போட்டு விறைக்குமாம். கொசுவத்தை முன்கூட்டியே மடித்து உள்ளே தைத்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் உடுக்கலாம், படியில் தடக்காது. பட்டுச்சேலை ஒரு கிலோவைத் தொடும். அதனால் ஒரே ஒரு பட்டு. மற்றப் பெரிய இரவுக்கு மெல்லிய சேலை ஒன்றை அவளே வைத்திருக்கிறாள். தட்டையான செருப்பு, வழுக்காத அடி. நகை, தாலிக்கொடியும் தோடும் காப்பும் போதும்.

பெறாமகள் கவுண் போடுகிறாள். பெறாமகனுக்குக் கறுப்புக் கோட். அங்கே வளர்ந்த பிள்ளைகள். அது அவர்களுக்கு இயல்பாகப் பொருந்துகிற உடுப்பு. நாலு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவது எனக்குப் பெரிய விசயம். ஒரே மாதிரி உடுத்துவது அவ்வளவு பெரிய விசயமில்லை.

பெப்ரவரி 3, சனி

கப்பல்காரரின் பதில் வந்துவிட்டது. மரபுடை முறையான உடைதான், இரண்டு இரவும் தாராளமாக உடுத்து வரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். பெறாமகள் அதை அச்சடித்துக் கைப்பைக்குள் வைத்திருக்கப் போகிறாளாம். நல்லது, வாசலில் நிற்பவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

பின்னேரம் கனகராயன்குளத்தில் இருந்து கனடா திரும்பும் ஒருவரிடம் பொதியைக் கொடுத்துவிட்டேன். வேட்டி, நஷனல், சால்வை, சேலை, சட்டை, மேலதிகமாகக் கொக்கியும் ஊசி நூலும். அவர் கேட்டார், இந்தப் பக்கமும் இப்படிக் கப்பல் வராதா என்று. வந்தது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. 1990இல் நோர்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல் அது. அந்தத் துறை இங்கிருந்து ஒரு பகற்பொழுதுக்குள் போய்வரக்கூடிய தூரம். எங்கள் ஆட்களும் அதில் ஏறி இரவு விருந்துக்கு உடுத்திக்கொண்டு போகிற நாள் வரவேண்டும்.

ஸ்காபரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் தாய் தகப்பனுக்குக் கப்பல் ரிக்கற் எடுத்து வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டை வாடகைக்கு எடுக்க முன் கப்பல்காரரிடம் மரபுடை பற்றி எழுதிக் கேளுங்கள். அதற்கும் முன், என்ன உடுக்க விருப்பம் என்று அப்பாவிடம் கேளுங்கள்.