கைவிட்ட திராட்சை... காப்பாற்றிய பழைய கொடிகள்!

சுவிட்சர்லாந்தின் தென்மேற்கில் ரோன் ஆறு ஓடும் பள்ளத்தாக்குதான் வாலே மாநிலம். இருபுறமும் பனிமலைகள் இருந்தாலும், மேகங்களை அந்த மலைகளே மறித்துவிடுகின்றன. சியோன் நகரைச் சுற்றி ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழைதான் கிடைக்கிறது. அதனால் பனியாறு, மலையோடைகளின் தண்ணீரை 'பிஸ்' எனப்படும் வாய்க்கால்களில் சரிவோரமாகக் கொண்டுவந்து, பல நூறு ஆண்டுகளாக முறைவைத்துப் பாய்ச்சுகிறார்கள். சாந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களில் திராட்சை வளர்கிறது. பலரிடம் இருப்பது சிறு துண்டு நிலம்தான்.

இங்குள்ள பழைய சிவப்பு ஒயின் ரகம், கொர்னலின். முன்பு இதை 'நாட்டுச் சிவப்பு' என்ற பொருளில்தான் அழைத்தார்கள். இதன் பெற்றோர் பெத்தி ரூஜ், மயோலே என்ற இரு ரகங்கள் என்பதை மரபணுச் சோதனை காட்டியது. இரண்டுமே மலைக்கு அப்பால், இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை.

கொர்னலினை வளர்ப்பது லேசுப்பட்ட வேலையில்லை. ஒரு வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மறு வருஷம் ஏமாற்றிவிடும். மெக்னீசியம் குறைந்தால் இலை உடனே காட்டிக்கொடுக்கும். தாமதமாகப் பழுப்பதால், நல்ல வெயில் விழும் சரிவு வேண்டும். காய்ப்பு மிகுந்த வருஷத்தில் கொத்துகளைக் கழித்துவிடாவிட்டால் சாறு நீர்த்துப்போகும்.

நிலையான விளைச்சல் தரும் பினோ நுவார், கமே ரகங்கள் பரவியதும், விவசாயிகள் கொர்னலினைப் பிடுங்கினார்கள். 20-ம் நூற்றாண்டின் நடுவில் சில பழைய தோட்டங்களில் மட்டுமே கொடிகள் மிஞ்சின. 1970-களில், அந்தக் கொடிகளிலிருந்து குச்சிகளை எடுத்து, நல்லவற்றைத் தேர்ந்து மறுபடியும் பெருக்கினார்கள். 'கொர்னலின்' என்ற பெயர் பரவியதும் அப்போதுதான். இன்று நூறு ஹெக்டேருக்கு மேல் சாகுபடியாகிறது. கருஞ்சிவப்பு நிறமும் செர்ரிப்பழ மணமும் கொண்ட இதன் ஒயின், வாலேயின் தனி அடையாளமாகிவிட்டது.

பெயரில் ஒரு குழப்பமும் உண்டு. ஆவோஸ்தாவில் 'கொர்னலின்' என்று கேட்டால் கிடைப்பது வேறு ரகம். அது வாலேயில் 'உமாஞ் ரூஜ்' எனப்படுகிறது. வாலே கொர்னலினின் வாரிசு அது. பெயரை மட்டும் நம்பி நாற்று வாங்கினால், தோட்டத்தில் வளர்வது வேறாக இருக்கும்.

துண்டு நிலத்தில் அளவை வைத்துப் போட்டிபோட முடியாது. வேறெங்கும் எளிதில் கிடைக்காத ரகம் கையில் இருந்தால், விலை பேச வழி உண்டு. பிடுங்காமல் விட்ட சில கொடிகள்தான் வாலே விவசாயிகளுக்கு அந்த வழியைத் திறந்துவிட்டன.