ஏத்தம், இறக்கம், படகு

அபிராமபுரத்துல பொறந்து வளர்ந்த ஒருத்தனுக்கு மலைன்னா என்ன தெரியும்? அதிகபட்சம் அடையாறு பாலத்து ஏத்தம். அதுக்கு மேல போனா பரங்கிமலை. காலை நாலே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, திருவான்மியூர் தாண்டி ஈசிஆர் புடிச்சு, மகாபலிபுரத்துல ரெண்டு இட்லி ஒரு காபி, வெயிலுக்கு முன்னாடி வீடு. அஞ்சு வருஷமா ஞாயித்துக்கிழமை இதுதான் நமக்குப் பொழுதுபோக்கு. ரோடு கோலம் போட்ட வாசல் மாதிரி சமதளம். கியர்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்காங்கன்னு யோசிச்சிருக்கேன்.

அது எதுக்குன்னு 2023 ஜனவரியில கொங்கண் கடற்கரையில புரிஞ்சுது. அவ்வ்வ்...

இதைச் சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். பொறுத்துக்குங்க.

எனக்கு ஒரு தம்பி. மும்பை பக்கம் டோம்பிவிலியில இருபது வருஷமா இருக்கான். அப்பா 2019-ல போனதுக்கப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சு நின்னு போச்சு. காரணம் எல்லா வீட்டுலயும் நடக்குறதுதான். பழைய வீடு, பில்டர், "இடிச்சுக் கட்டலாம்"னு அவன், "நான் இருக்கிற வரைக்கும் தொடக்கூடாது"ன்னு நான். அவன் சொன்னதுல நியாயம் இருந்துது. ஆனா அந்த வீட்டுல குடியிருக்கிறவன் நான் இல்லையா? மூணு வருஷம் வாட்ஸப்புல பொங்கல் வாழ்த்து மட்டும். அதுவும் யாரோ அனுப்பினதை ஃபார்வர்டு பண்ணினது.

திடீர்னு ஒரு நாள் மெசேஜ்: "அண்ணா, அலிபாக்லேர்ந்து ரத்னகிரி வரைக்கும் கடலோரமா சைக்கிள்ல போறேன். வரியா?"

தங்கமணிகிட்ட காட்டினேன். "ஐம்பத்திநாலு வயசுல இது தேவையா?"ன்னு கேக்கப்போறான்னு நினைச்சேன். "போயிட்டு வாங்க"ன்னு ஒரே வார்த்தை. சர்க்கரை மாத்திரையை மட்டும் தனி டப்பாவுல போட்டுக் குடுத்தா. (எனக்குச் சர்க்கரைங்கிறது தம்பிக்குத் தெரியாது. பேச்சே இல்லாதப்போ இதை எப்படிச் சொல்றது?)

சைக்கிளை ரயில் பார்சல்ல ஏத்தி, மும்பையில இறக்கி, பார்த்தா முன் சக்கரம் லேசா கோணல். யாரைத் திட்டி என்ன பிரயோஜனம். தம்பி ஸ்போக்கை முறுக்கி முறுக்கி நேராக்கினான். அந்த வேலையை அப்பா செய்யுறப்போ நாங்க ரெண்டு பேரும் சக்கரத்தைப் புடிச்சுக்கிட்டு நிப்போம். அன்னிக்கு ரெண்டு பேருமே அதைப் பத்தி வாயைத் திறக்கலை.

கிளம்புறதுக்கு முதல் நாள் அந்தேரியில கில்பர்ட் ஹில்னு ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனான். அடுக்குமாடிகளுக்கு நடுவுல செங்குத்தா அறுபது மீட்டர் உசரத்துக்கு ஒரு கருப்புப் பாறை, உச்சியில அம்மன் கோயில். எரிமலைக் குழம்பு ஆறி இறுகினப்போ தூண் தூணா வெடிச்சு நின்ன பசால்ட் பாறை. சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி, டைனோசர்கள் காலம் முடியுற சமயத்துல, தக்காணம் முழுக்க பூமி பிளந்து குழம்பு வழிஞ்சிருக்கு. நாம படத்துல பாக்குற கூம்பு எரிமலை இல்லை இது. நீளநீளமான வெடிப்புகள்லேர்ந்து பால் பொங்குற மாதிரி பொங்கி, பரவி, ஆறி, அது மேல மறுபடி பொங்கி... அடுக்கு அடுக்கா. இன்னிக்கும் அஞ்சு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு அது இருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்துல ரெண்டு கிலோமீட்டர் கனம். இதுக்கு 'டிராப்'னு பேர். ஸ்வீடன் மொழியில படிக்கட்டுன்னு அர்த்தம். அஜந்தா, எல்லோரா குடைஞ்சதும் இதே பாறையிலதான்.

நம்ம ஊர்ல இது கிடையாது. பல்லாவரம், பரங்கிமலைப் பாறை இதைவிட ரொம்ப ரொம்பப் பழசு, பூமிக்கு அடியாழத்துல வெந்து உருவானது. சார்னோகைட்னு பேர். கல்கத்தாவுல ஜாப் சார்னாக்கோட கல்லறைக்கல் அந்த வகைப் பாறைங்கறதால அவர் பேரையே வெச்சுட்டாங்க. யாரோ ஒருத்தர் சமாதியால நம்ம பல்லாவரத்துக்கு உலகப் புகழ்!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல் நாள் மும்பை ஃபெர்ரி வார்ஃபிலேர்ந்து மாண்ட்வாவுக்கு ரோரோ கப்பல். 2020-ல ஆரம்பிச்சது, கார், பைக், சைக்கிள் எல்லாம் ஏறும், ஒரு மணி நேரம். அங்கேர்ந்து அலிபாக். அங்க ஒரு காந்தப்புல ஆய்வுக்கூடம் இருக்கு. கொலாபாவுல இருந்ததை, மின்சார டிராம் வந்தா முள் ஆடும்னு 1904-ல இங்க மாத்தியிருக்காங்க. அப்புறம் ரேவ்தண்டா பாலம், கோர்லாய். கோர்லாய்ல போர்ச்சுகீசியம் கலந்த ஒரு தனி மொழியை இன்னும் பேசுறாங்க. டீக்கடையில காது குடுத்துப் பார்த்தேன், எனக்கு மராத்தியே புரியாது, இதுல எது எதுன்னு எங்கே கண்டுபிடிக்கிறது. காஷித்ல ராத்தங்கல்.

அன்னிக்கு நாங்க பேசினது மொத்தம் இருபது வாக்கியம் இருக்கும். "லெஃப்ட்ல லாரி", "தண்ணி இருக்கா", "ஏத்தம் வருது" - இவ்வளவுதான்.

ஏத்தம் பத்திச் சொல்லியே ஆகணும். மேப்புல பார்த்தா கடலோர ரோடு, நம்ம ஈசிஆர் மாதிரி இருக்கும்னு நம்பித்தான் போனேன். அந்த எரிமலை மேடையைச் சஹ்யாத்ரியிலேர்ந்து ஓடிவர சின்னச் சின்ன ஆறுகள் கீறிவிட்டிருக்கு. ஆத்து முகத்துவாரத்துல கடல் உள்ளே புகுந்து நிக்குது, அதை 'காடி'ங்கறாங்க. ஆக, ஒரு காடியிலேர்ந்து மேடைக்கு ஏறணும், மேல கொஞ்ச தூரம் மொட்டைப் பாறை, அப்புறம் சர்ருனு இறக்கம், அடுத்த காடி, படகு. படகுல சைக்கிளைச் சாய்ச்சு வெச்சு மூச்சு வாங்கிட்டு, இறங்கினதும் மறுபடி ஏத்தம். அகர்தண்டா-திகி, பாக்மண்ட்லா-வேஷ்வி, தாபோள்-தோபாவே, தவ்சாள்-ஜெய்கட்னு நாலு படகு. படகுல நின்னு கரையைப் பார்த்தா மலை அப்படியே படிக்கட்டா தெரியும். அந்த ஸ்வீடன்காரங்க சரியாத்தான் பேர் வெச்சிருக்காங்க, படியேறினவனுக்குத் தெரியும்.

மேடை மேல கருப்புப் பாறை கிடையாது, சிவப்பு. பசால்ட்டை மழை கோடிக்கணக்கான வருஷம் கரைச்சு, சிலிக்கா போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சின செம்புரைக்கல். வெட்டுறப்போ மெத்துனு இருக்கும், காத்துப் பட்டதும் இறுகிடும். ஊர்ல எல்லா வீடும், மதிலும் அதாலதான். ஓரமா போனா சிவப்புச் சரளை, சக்கரம் வழுக்கும்.

ரெண்டாவது ராத்திரி திவேயாகர். மோதகம்னு கொண்டுவந்து வெச்சாங்க, பார்த்தா நம்ம கொழுக்கட்டை. தம்பி ஒண்ணுதான் எடுத்தான், நானும் ஒண்ணுதான். சின்ன வயசுல நாங்க ரெண்டு பேரும் கொழுக்கட்டைக்குச் சண்டை போட்ட கதை தெருவுக்கே தெரியும். ஏன்னு அவனும் கேக்கலை, நானும் கேக்கலை.

மூணாம் நாள் ஹரிஹரேஷ்வர். கோயிலைச் சுத்தற பிரதட்சிணப் பாதை கடல் பாறை மேலயே போகுது. அலை அரிச்சு அரிச்சுப் பாறை தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு. கடல் ஏறுற நேரத்துல அந்தப் பக்கம் போகக்கூடாது. இறங்கின நேரத்துல போய் ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம்.

நாலாம் நாள்தான் விவகாரம். படகைப் பிடிக்கிற அவசரத்துல பாதி அவலோட எழுந்துட்டேன். மாத்திரையை மட்டும் மறக்காம போட்டாச்சு. வேஷ்வியில இறங்கி ஏத்தம். பாதியில கை நடுங்க ஆரம்பிச்சுது. வேர்வைன்னா அப்படி ஒரு வேர்வை, ஆனா உடம்பு ஜில்லுனு. ரோடு ரெண்டா தெரியுது. சைக்கிளை விட்டு இறங்கினேனா விழுந்தேனான்னு சரியா ஞாபகமில்லை. ஒரு முந்திரி மரத்தடியில உக்காந்திருக்கேன், முன்னாடி போயிருந்த தம்பி திரும்பி வந்து நிக்கிறான்.

ஒரு கேள்வி கேக்கலை. முகத்தைப் பார்த்தான், கையைத் தொட்டுப் பார்த்தான், ஹேண்டில்பார் பையைத் திறந்து குளுக்கோஸ் பொட்டலத்தைக் கிழிச்சுத் தண்ணியில கலந்து வாயில ஊத்தினான். "கால் மணி நேரம் பேசாதே"ன்னான். நான் போட்டுக்கிற மாத்திரை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற வகை. சாப்பாடு கம்மி, மலையேத்தம் வேற, சர்க்கரை சர்ருனு இறங்கியிருக்கு. கால் மணி கழிச்சு ஒரு பாக்கெட் பிஸ்கட் குடுத்தான்.

"அப்பாவுக்கு இப்படி வர்றப்போ பார்த்திருக்கோமேடா, அதான் கண்டுபிடிச்சியா?"ன்னு கேட்டேன்.

"அதுவும்தான்"னான். அப்புறம் பையிலேர்ந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினான். அதே மாத்திரை. "நாலு வருஷமாச்சு அண்ணா."

எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துது. வீட்டுக்கு அடிச்சுக்கிறோம், அப்பாவோட இந்தச் சொத்தைச் சத்தமில்லாம சரிபாதியா பிரிச்சு வெச்சிருக்கோம். அவனும் சிரிச்சான். அப்புறம் எனக்கு அழுகை வந்துடுச்சு. குளுக்கோஸ் வேலை செய்யுதுன்னு சொல்லி சமாளிச்சேன்.

அன்னிக்கு அதுக்கு மேல பத்து கிலோமீட்டர்கூடப் போகலை. மரத்தடியிலயே ரெண்டு மணி நேரம் பேசினோம். "உனக்கு ஏன் அந்த வீடு இடியக்கூடாது?"ன்னு முதல் தடவையா கேட்டான். வக்கீல் மூலமா இல்லாம. எனக்குப் பதில் சட்டுனு வரலை. மாடிப்படிக்கு அடியில அப்பாவோட ஹெர்குலிஸ் நிக்குது, அதை எங்கே கொண்டு வைக்கிறதுன்னு தெரியலைன்னு சொன்னேன். முப்பது வருஷம் பாரிமுனை ஆபீசுக்கு அதுலதான் போயிட்டு வந்தார் மனுஷன். "அது இன்னும் இருக்கா?"ன்னான். அவன் வித்துட்டோம்னு நினைச்சிருக்கான்.

மிச்சத்தைச் சுருக்கிடறேன். தாபோள்ல படகு, குஹாகர், கணபதிபுலே, ரத்னகிரி. பர்மாவோட கடைசி ராஜா தீபாவை வெள்ளைக்காரன் கொண்டுவந்து அடைச்சு வெச்ச ஊர் அது. 1910-ல கட்டி முடிச்ச அரண்மனையில இருந்து, 1916-ல அங்கேயே செத்துப் போனார். அதுவும் செம்புரைக்கல் பூமிதான். என் மீட்டர்ல மொத்தம் முன்னூறு சொச்சம் கிலோமீட்டர். கடைசி ரெண்டு நாள் மாத்திரைக்கு முன்னாடி வயிறு நிறையச் சாப்பாடு, தம்பி எதிர்ல உக்காந்து வேவு பார்த்தான். ஊருக்கு வந்து டாக்டர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு, மாத்திரையையும் மாத்தியாச்சு.

வீட்டு விஷயம் இன்னும் முடியலை. காலையில ஆறு மணிக்கு வாட்ஸப்புல ஒரு நம்பர் வரும், நானும் ஒரு நம்பர் அனுப்புவேன். இன்னிக்கு அவன் 141, நான் 128. அடுத்த மாசம் பில்டரைப் பார்க்க வர்றான். சைக்கிளையும் எடுத்துட்டு வாடான்னு சொல்லியிருக்கேன். மகாபலிபுரம் வரைக்கும் கூட்டிட்டுப் போய், ஏத்தமே இல்லாத ரோடுன்னா என்னன்னு அவனுக்குக் காட்டணும். ஹெர்குலிஸுக்கு டயர் ரெண்டும் மாத்தணும், யாராவது நல்ல மெக்கானிக் மந்தைவெளி பக்கம் இருந்தா சொல்லுங்க.