அரும்பா, மொட்டா?

அன்புள்ள கயலுக்கு,

அக்கா எழுதுவது.  

மூன்றாம் வகுப்பைக் கொடுத்துவிட்டார்கள், எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீட்டில் யாரை அரும்பு நிலையில் வைப்பது, யாரை மொட்டு, மலர் என்று போடுவது எனக் கேட்டிருந்தாய். 2022இல் அந்தத் திட்டம் வந்தபோது எங்களுக்கும் இதே குழப்பம்தான்.

பாடப்புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. பிள்ளைகளுக்குப் பாடம் முழுக்க மனப்பாடம். வாய் மளமளவென்று போகும்; விரல் இரண்டு வரி பின்னால் நிற்கும். அவர்கள் பார்த்திராத நாலு வரியை நீயே எழுதி, ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேள். 2005 முதல் கிராமம் கிராமமாகப் போகும் ஏசர் ஆய்விலும் இப்படித்தான்: முதலில் ஒரு பத்தி, சரளமாக வந்தால் கதை, திணறினால் சொல், அதுவும் வராவிட்டால் எழுத்து. அவர்களுக்கு வேண்டியது நாட்டுக் கணக்கு. உனக்கு வேண்டியது, எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்பது.

சொல்வதெழுதுதலில் பத்துக்கு நாலு என்று போட்டுத் திருப்பிக் கொடுத்தால் யாருக்கு என்ன புரியும்? பிழையைப் பார். 'பழம்' என்பதை ஒருத்தி 'பளம்' என்று எழுதினால், வீட்டில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறாள். (நம் தெருவில் எத்தனை பேருக்கு ழகரம் வருகிறது?) 'பம்' என்று எழுதுகிறவனுக்கோ நடுவில் ஓர் எழுத்தே விழுந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே சுழி போடுவது அநியாயம்.

அப்புறம் கொம்பும் காலும். 'கொக்கு' என்று சொல்லும்போது ககரம்தான் முதலில் காதில் விழுகிறது. எழுதும்போதோ கொம்பு முந்திக்கொள்கிறது, கால் பின்னால் வருகிறது. 'கெக்கு' என்று எழுதுகிற பையனை மந்தம் என்று ஒதுக்கிவிடாதே. அவன் காலை விட்டிருக்கிறான், அவ்வளவுதான். ஒரு வாரம் ஒகர, ஓகார வரிசையை மட்டும் கொடுத்துப் பார்.

மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்றும் கடைசி நாள் வந்தால், எல்லாருக்கும் மொட்டு என்று போட்டுவிடலாமா எனக் கை துறுதுறுக்கும். அதை மட்டும் செய்யாதே. ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, செய்கிற பிழையைத் தேதி போட்டு எழுதி வை. பொங்கல் லீவுக்கு வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வா, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா